ஆட்டின் உதட்டிலிருந்து எடுத்த மருந்து

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுகூடத்தில் ஒரு புதிய இயந்திரத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. கணினியோடு இணைத்துவிட்டால் ஒரு வைரஸின் மரபணுத் தொடர் முழுவதையும் காலையில் தொடங்கி மாலைக்குள் வாசித்து முடித்துவிடுகிறது. அதைக் கையில் வாங்கியதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதே மாதிரியான ஒரு பதிலுக்காக நானும் என் மேலதிகாரி டொக்டர் தவமணியும் எத்தனை வாரம் காத்திருந்தோம்! அந்தக் கதையை எழுதித் தரும்படி அங்கிருந்தவர்கள் கேட்டார்கள். என்னிடம் இரண்டு தரம் கேட்க வேண்டிய விஷயமா அது?

நான் கண்டி மஹய்யாவையில் பிறந்தவள். அப்பா மாநகர சபையில் லொறி ஓட்டினார். பேராதனையில் மிருக வைத்தியம் படித்தேன், கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் அரசாங்க மிருக வைத்தியராகச் சில காலம் அலைந்தேன். இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் உண்மையான வேலை கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் ஓர் ஆட்டுப் பட்டியில் தொடங்கியது.

பட்டி ரம்ஸியா தாத்தாவுடையது. அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. வீட்டில் தையல் இயந்திரம், பின்னால் ஆட்டுப்பட்டி, இரண்டையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டார். நான் போன அன்று குட்டிகளின் உதடெல்லாம் கறுத்துத் தடித்து, கரடுமுரடான பொருக்காக இருந்தது. தாய் ஆடுகளின் முலைக்காம்பிலும் அதே பொருக்கு. குட்டி பசியில் போய் முட்டும். வலி தாங்காமல் தாய் உதைத்துத் தள்ளும். குட்டி மறுபடி எழுந்து போகும்.

அது ஆட்டு வாய்ப்புண் நோய். அம்மை வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் செய்கிற வேலை. தானாகவே ஆறிவிடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அதையே அவரிடம் சொன்னேன்.

"சாவுற நோயில்ல எண்டுதான் எல்லாரும் செல்றாங்க மிஸ்" என்றார் ரம்ஸியா தாத்தா. ஒரு குட்டியை மடியில் வைத்து, துணியை நனைத்து வாயில் பால் பிழிந்துகொண்டிருந்தார். "வாய் தொறக்க ஏலாம பட்டினி கெடந்து மவுத்தாப் போகுதே, அத என்ன நோயில சேக்கிற?"

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் குட்டிகளுக்குப் பால் கொடுத்தேன். காய்ந்து விழுந்த பொருக்குகள் சிலவற்றைக் குப்பியில் போட்டு எடுத்துக்கொண்டேன். சில நாட்களில் என் சுட்டுவிரலில் சிவப்பாக ஒரு கட்டி கிளம்பியது. இந்த வைரஸ் மனிதத் தோலிலும் தொற்றும்.

அந்தக் குப்பியையும் அந்த விரலையும் எடுத்துக்கொண்டுதான் பேராதனைப் பக்கம் இருந்த கால்நடை ஆய்வுகூடத்துக்குப் போனேன். வைரஸ் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் டொக்டர் தவமணி, யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். கதிரையிலிருந்து எழுந்து வந்து, என் முகத்தைப் பார்க்கும் முன் விரலைப் பார்த்தார்.

"கையைக் காட்டும். எங்க பிடிச்சனீர் இதை?"

"திகனயில மேடம். ஒரு பட்டி முழுக்க இருக்கு. கண்டி ஆஸ்பத்திரியில இத வெட்டி எடுக்கணும்னு சொல்றாங்க."

"வெட்ட விடாதையும். தன்பாட்டில மாறும்." பிறகு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "நல்ல பொருக்கு. உமக்கு இஞ்ச வேலை செய்ய விருப்பமோ?"

அந்த வருட இடமாற்றத்திலேயே நான் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வாய்ப்புண்ணுக்கு அப்போதே ஒரு தடுப்பு முறை இருந்தது. நோய் வந்த ஆட்டின் பொருக்கை அரைத்து, நல்ல ஆட்டின் தொடையில் கீறித் தடவுவது. ஆடு காப்பாற்றப்படும், உண்மைதான். ஆனால் தடவிய இடத்தில் வருகிற பொருக்கிலும் முழு வீரியத்தோடு வைரஸ் இருக்கும். அது காய்ந்து உதிர்ந்து மண்ணிலும் மரத்திலும் கிடக்கும். அடுத்த ஈற்றில் வருகிற குட்டிக்குத் தொற்றும். நோயை விரட்ட நோயையே பட்டியில் விதைப்பது போன்ற காரியம் அது. எங்களுக்கு வேண்டியது வலுக் குறைத்த ஒரு வைரஸ். ஆட்டின் உடல் அதைக் கண்டு விழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதனால் ஆட்டைப் படுக்க வைக்க முடியக்கூடாது.

வலுக் குறைப்பது எப்படி? வைரஸை ஆட்டுத் தோலிலிருந்து எடுத்து, போத்தலுக்குள் வளர்க்கிற உயிர்க்கலங்களில் குடியேற்ற வேண்டும். செம்மறிக் கிடாக்குட்டியின் விதையிலிருந்து பிரித்தெடுத்த கலங்கள் அவை. தட்டையான போத்தலின் அடியில் ஒட்டி, ஒன்றோடொன்று தோள் சேர்த்து ஒரு மெல்லிய விரிப்பாகப் படர்ந்திருக்கும். வைரஸை விட்டால் அந்த விரிப்பில் அங்கங்கே ஓட்டை விழும். கலங்கள் உருண்டு, கழன்று, மிதக்கும். அந்த நீரை எடுத்து உறையவைத்து, உருக்கி, அடுத்த போத்தலுக்கு மாற்றுவோம். அங்கேயும் ஓட்டை விழும்வரை காத்திருந்து, அதற்கடுத்த போத்தலுக்கு. இப்படியே மாற்றிக்கொண்டு போனால், வைரஸ் போத்தல் வாழ்க்கைக்குப் பழகிவிடும். ஆட்டுத் தோலில் சண்டை போடுவதற்கு வைத்திருந்த ஆயுதங்கள் அதற்கு இங்கே தேவையில்லை. ஒவ்வொன்றாக நழுவ விட்டுவிடும்.

சொல்வதற்கு இலகு. கண்டி மழையில் சுவரெல்லாம் ஈரம் ஊறும். போத்தலுக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். மின்சாரம் போகும், ஜெனரேட்டர் இருமும். கலங்கள் காரணமே இல்லாமல் ஒரு திங்கட்கிழமை காலை செத்துக் கிடக்கும். இருந்தும் நான் ஒவ்வொரு நாளும் படியேறி ஓடித்தான் உள்ளே போவேன். போத்தல்களை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் அடைகாப்பானின் கதவைத் திறக்கிறபோது எனக்குப் பரிசுப் பொட்டலம் பிரிக்கிற பரபரப்பு.

மேடம் பார்க்கிற விதமே தனி. நுணுக்குக்காட்டியில் நான் பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்து நிற்பார். "என்ன தெரியுது?" என்பார். "வைரஸ் நல்லா பிடிச்சிருக்கு மேடம்" என்று சொன்னால் தலையை அசைப்பார். "அது நீர் நினைச்சது. பாத்ததைச் சொல்லும்." அப்போது நான், "இடது பக்கம் கலங்கள் உருண்டிருக்கு, நடுவுல மூணு ஓட்டை, ஓரத்துல ஒண்ணும் ஆகல" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் குனிந்து பார்ப்பார். நான் சரிசெய்து வைத்த குவியத்தை ஒருபோதும் திருக மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தன் தலையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பார். "நீர் பாத்த இடத்திலயே நானும் பாக்க வேணும். இல்லாட்டி ரெண்டு பேரும் வேற வேற படத்தைப் பாத்துப்போட்டு வாக்குவாதப்படுவம்" என்பார்.

போத்தல் மாற்றங்கள் நாற்பதைத் தாண்டியதும் சில ஆடுகளில் கீறிப் பார்த்தோம். கீறிய இடத்தில் கொஞ்சம் பொருக்கு வந்தது. மீண்டும் போத்தல். அறுபதையும் தாண்டிப் போனோம். அந்த முறை கீறிய இடம் சிவந்தது, லேசாக மேடு கட்டியது, பொருக்கே வராமல் மறைந்துபோனது. ஆடுகளின் இரத்தத்திலோ எதிர்ப்புச் சக்தி ஏறியிருந்தது. நான் தாழ்வாரத்தில் கையைத் தட்டிக்கொண்டே ஓடினேன். வைரஸின் மரபணுவைச் சோதித்தபோது, அதன் ஒரு முனையில் ஒரு துண்டே காணாமற் போயிருந்தது. நழுவ விட்ட ஆயுதங்களில் ஒன்று!

அடுத்த சோதனைதான் எங்களை உலுக்கிய சோதனை.

வலுக் குறைத்த வைரஸ் ஓர் ஆட்டிலிருந்து இன்னொரு ஆட்டுக்குத் தாவுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகத் தடுப்பூசி போட்ட ஆடுகளோடு ஊசி போடாத சில குட்டிகளையும் ஒரே பட்டியில் விட்டோம். ஊசி போட்டவற்றின் கொம்பில் பச்சை நிறம் பூசியிருந்தோம். போடாதவற்றை வெளிக்குட்டிகள் என்று அழைத்தோம். வெளிக்குட்டிகளுக்கு ஒன்றும் வரக்கூடாது. வந்தால், எங்கள் வைரஸ் தாவுகிறது, தாவியபின் பழைய குணத்துக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். அத்தோடு எல்லாம் முடிந்தது.

பட்டியைப் பார்த்துக்கொண்டவர் செல்வராஜ். என்னைப் போல மஹய்யாவைக்காரர். ஒரு காலை அவர் என்னைத் தேடி ஆய்வுகூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"மேடம், கொஞ்சம் வந்து பாருங்களேன். வெளிக்குட்டி ஒண்ணுக்கு ஒதட்டு ஓரத்துல என்னமோ வந்திருக்கு."

போய்ப் பார்த்தேன். கொப்புளம். அடுத்த நாள் இன்னொரு வெளிக்குட்டிக்கும் வந்தது. பிறகு பொருக்கு, திகனயில் நான் பார்த்த அதே கறுத்த பொருக்கு.

கொழும்பில் எங்கள் திட்டத்துக்கு அனுமதி வழங்கும் குழு ஒன்று இருந்தது. அதிலிருந்த ஒருவர் தொலைபேசியில் மேடத்திடம் பேசினார். பழைய குணம் திரும்பிவிட்டது என்று இரண்டு வரி எழுதி, வைரஸை அழித்துவிட்டுத் திட்டத்தை முடித்துக்கொள்ளும்படி அறிவுரை சொன்னாராம். மேடம் வாங்கிய பதவிகளையெல்லாம் நினைவுபடுத்தி, ஓய்வு பெறப்போகிற நேரத்தில் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

மேடம் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கௌரி, என்ன பாத்தனீர்?"

"ரெண்டு வெளிக்குட்டிக்கு நோய் வந்திருக்கு மேடம்."

"அவ்வளவுதான். அது எங்கட வைரஸ் எண்டு ஆர் கண்டது? முதல்ல அதைப் பாப்பம்."

குட்டியின் பொருக்கிலிருந்து மரபணுவைப் பிரித்தேன். எங்கள் வைரஸில் ஒரு துண்டு காணாமற் போயிருந்தது அல்லவா? அந்த இடத்தைப் பெருக்கி, ஜெல் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால், எங்கள் வைரஸ் குட்டையான துண்டாகக் கீழே இறங்கி நிற்கும். வெளியிலிருந்து வந்த முழு வைரஸ் என்றால் மேலேயே நிற்கும். இருட்டறைக்குள் ஊதா விளக்கைப் போட்டேன். மூன்று கோடுகள் ஒளிர்ந்தன. முதலாவது எங்கள் வைரஸ், கீழே. இரண்டாவது ஒப்பிட வைத்த முழு வைரஸ், மேலே. மூன்றாவது குட்டியுடையது.

மேலே!

நான் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேடம் வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"மேல நிக்குது" என்றார்.

"ஆமா மேடம்! போன துண்டு எப்படித் திரும்பி வரும்? இது நம்மளோடது இல்ல!"

"ஓம். ஆனால் ஒண்டு யோசியும். நாங்கள் ஊசியில போட்டது முழுக்க துண்டு போன வைரஸ்தானோ? அதுக்குள்ள பழைய முழு வைரஸ் கொஞ்சம் ஒளிச்சு இருந்திருந்தால்? ஆட்டுக்குள்ள போனதும் அது தலை தூக்கியிருந்தால்?"

என் ஆரவாரம் அப்படியே அடங்கிவிட்டது. அவர் கேட்டது சரியான கேள்வி. முழு வைரஸ் என்று தெரிந்தால் போதாது. அது எங்கள் வைரஸின் மூதாதையா, வேறொரு பரம்பரையா என்று தெரிய வேண்டும். அதற்கு மரபணுத் தொடரை எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். எங்களிடம் அப்போது அந்த வசதி இல்லை. குட்டியின் மாதிரியையும் எங்கள் வைரஸையும் பொதி செய்து வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். கொழும்புக் குழுவிடம் மேடம் தவணை கேட்டு வாங்கினார்.

அந்தக் காத்திருப்பில் நான் சும்மா இருக்கவில்லை. வேறு வைரஸ் என்றால் அது எந்த வழியாக உள்ளே வந்தது? செல்வராஜும் நானும் பட்டிக்குள் போகிற ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தோம். சப்பாத்து மாற்றுகிறோம். தண்ணீர் குழாயிலிருந்து வருகிறது. தழை எங்கள் சொந்த நிலத்தில் வெட்டுவது. அப்போதுதான் அந்தத் தழை கட்டித் தொங்கவிடும் மரச்சட்டம் என் கண்ணில் பட்டது.

"இது எப்ப வந்துச்சு செல்வராஜ்?"

"பழசு ஒடஞ்சு போச்சுல்ல மேடம், சோதன தொடங்குறதுக்கு முந்தி. இது களஞ்சியத்துல கெடந்தது. கழுவித்தான் போட்டோம்."

விசாரித்தோம். பல வருடங்களுக்கு முன் வேறு மாவட்டத்திலிருந்து நோய்பட்ட ஆடுகளைக் கொண்டுவந்து வைத்திருந்தபோது பாவித்த சட்டம் அது. இந்த வைரஸ் காய்ந்த பொருக்குக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியது. மரத்தின் வெடிப்புகளை ஊசிமுனையால் சுரண்டி எடுத்தேன். கறுப்பாகத் துகள்கள் வந்தன. சோதித்தால், வைரஸ் இருந்தது! அந்தத் துகளையும் வாசிப்பதற்கு அனுப்பிவைத்தோம்.

இதைச் சொல்லப் போனபோது மேடம் தன் மேசையில் இருந்த கோப்பு ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். "அந்தச் சட்டத்தைக் களஞ்சியத்திலயிருந்து எடுக்கக் கையெழுத்து வைச்சது நான்தான் கௌரி" என்றார். "கொழும்பில முதல் வரியாய் அதைத்தான் சொல்லப்போறன்."

பதில் மின்னஞ்சலில் வந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தொடர்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினோம். எங்கள் வைரஸ் ரம்ஸியா தாத்தாவின் ஆட்டிலிருந்து வந்தது. அதற்கும் குட்டியின் வைரஸுக்கும் இடையில் எழுத்துகள் பல இடங்களில் மாறியிருந்தன. ஆனால் குட்டியின் வைரஸும் மரச்சட்டத்தின் வைரஸும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன.

"இது எங்கட பிள்ளை இல்லை" என்றார் மேடம். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

மகிழ்ச்சியில் நான் பட்டிக்கு ஓடினேன், செல்வராஜிடம் சொல்ல. அங்கே போய் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. பச்சைக் கொம்பு ஆடுகள் எல்லாமும் அதே சட்டத்தில்தான் அத்தனை நாளும் பலாத்தழை தின்றிருக்கின்றன. அதே வெடிப்பில் உதடு உரசியிருக்கின்றன. வெளிக்குட்டிகளில் இரண்டுக்கு வாய் வெடித்தது. பச்சைக் கொம்புகளில் ஒன்றுக்காவது? ஒவ்வொன்றாகப் பிடித்து உதட்டை விரித்துப் பார்த்தேன். சுத்தம். அத்தனையும் சுத்தம்! நான் திரும்பி ஓடிய வேகத்தில் ஒரு சப்பாத்து பட்டி வாசலிலேயே கழன்று கிடந்தது.

"மேடம், மருந்து வேலை செஞ்சிருக்கு! நாம வைக்காத பரீட்சையில அது பாஸ் பண்ணியிருக்கு!"

மேடம் கேட்டார், நன்றாகச் சிரித்தார், பிறகு தன் வழக்கத்துக்கு வந்துவிட்டார். "எந்த ஆடு எவ்வளவு வைரஸைத் தொட்டது எண்டு எங்களுக்குத் தெரியாது. இண்டைக்குச் சந்தோசப்படுவம். நாளைக்கு அளந்து குடுத்துத் திரும்பச் செய்வம்."

கொழும்பில் அவர் சொன்னபடியே முதலில் மரச்சட்டத்தையும் தன் கையெழுத்தையும் பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு தொடர்களைக் காட்டினார். குழு எதிர்ப்புச் சொல்லவில்லை. புதிய பட்டி, புதிய சட்டம், புதிய ஆடுகள். இந்த முறை வெளிக்குட்டிகள் எதற்கும் எதுவும் தாவவில்லை. பிறகு முழு வீரியமுள்ள வைரஸை அளந்து, ஊசி போட்டவற்றின் உதட்டிலும் போடாதவற்றின் உதட்டிலும் கீறினோம். போடாதவற்றுக்குப் பொருக்கு வந்தது. போட்டவற்றுக்குக் கடுகளவு சிவப்பு வந்து, போன இடம் தெரியாமல் போயிற்று. அன்று செல்வராஜ் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கி வந்தார். மேடம் இரண்டு சாப்பிட்டார்.

பண்ணைகளில் போட்டுப் பார்க்க அனுமதி கிடைப்பதற்குள் மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். பொறுப்பு என்னிடம் வந்தது. நான் நேரே திகனக்குத்தான் போனேன். ரம்ஸியா தாத்தாவிடம் எதையும் மறைக்கவில்லை. குட்டிகளுக்கு நோய் வந்த கதையையும் சொன்னேன்.

"இந்த மருந்துக்குள்ள நோய் உசிரோட ஈக்கிது எண்டு செல்றாங்களே, உண்மையா மிஸ்?"

"உண்மைதாங்க தாத்தா. உசிரோடதான் இருக்கு. ஆனா பல்லப் பிடுங்கிட்டோம்."

தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தார். "எண்ட ஆட்டுட ஒதட்டுல இருந்துதானே எடுத்துட்டுப் போனீங்க?"

"ஆமாங்க."

"அப்ப வேற எங்கயும் போக வாணாம். மொதல்ல இங்க போடுங்கோ."

சினை ஆடுகளை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் அன்று போட்டோம். சினை ஆடுகளுக்கு ஈன்ற பிறகும், குட்டிகளுக்கு ஊசி போடும் வயது ஆனதும் போட்டோம். ரம்ஸியா தாத்தாதான் ஒவ்வொன்றின் கழுத்தையும் பிடித்துக்கொண்டார். அடுத்த ஈற்றுக் காலம் வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை. வந்தபோது அந்தப் பக்கமெல்லாம் வாய்ப்புண் பரவுகிறது என்று தகவல் வந்தது. பக்கத்து வீட்டுப் பட்டியில், எதிர் வீட்டில், பாதைக்கு மேலே இருந்த பெரிய பண்ணையில். நான் தொலைபேசியைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தேன். கெட்ட செய்தியைக் கேட்டு வாங்கப் பயம்.

கண்டி பஸ் நிலையத்தில் நிற்கும்போது அழைப்பு வந்தது. ரம்ஸியா தாத்தா.

"என்ன தாத்தா? என்ன ஆச்சு?"

"ஒண்டும் ஆகல்ல மிஸ்."

"சரியாச் சொல்லுங்க, வாய்ல ஏதும்..."

"ஒண்டும் ஆகல்ல எண்டு செல்லத்தானே எடுத்த! சுத்தி எல்லா எடத்துலயும் ஈக்கிது. எண்ட குட்டியள் உம்மாட மடிய முட்டி முட்டிக் குடிக்கிது. பால் வாயில நொரயா வழியிது. கேக்கிதா உங்களுக்கு?"

தொலைபேசியைக் குட்டிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார் போலிருக்கிறது. நடத்துனர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுகிற இரைச்சலுக்கு நடுவில், சப்புச் சப்பென்று ஏதோ கேட்டது. எனக்கு அது போதும். கையிலிருந்த குடையைத் தூக்கி ஆட்டினேன். பக்கத்தில் நின்ற ஒருவர் நான் பஸ்ஸை நிறுத்தச் சைகை காட்டுவதாக நினைத்து ஓடிப்போய் ஒன்றின் பக்கவாட்டில் தட்டினார். அதில் ஏறி உட்கார்ந்தேன். மனசு பட்டிக்குள் இருந்தது. ஒவ்வொரு குட்டியாக எண்ணிக்கொண்டு போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக மேடத்தை அழைத்தேன். அவர் எடுத்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். பக்கத்துப் பட்டிகள், பாதைக்கு மேலே உள்ள பண்ணை, நுரை தள்ளுகிற வாய்கள். அவர் குறுக்கே பேசவில்லை.

"கௌரி" என்றார். "லொறிச் சத்தம் பெரிசாக் கேக்குது. நீர் இப்ப எங்க நிக்கிறீர்?"

சுற்றிப் பார்த்தேன். மலை, வளைவு, கீழே இறங்கும் பெருந்தெரு.

"கடுகண்ணாவையில மேடம். பேராதனையில இறங்க மறந்துட்டேன்."

அத்தனை வருடம் அவரோடு வேலை செய்தேன். அவர் அப்படி விழுந்து விழுந்து சிரித்துக் கேட்டது அன்றைக்குத்தான். நானும் தெரு ஓரத்தில் நின்று, மூச்சு முட்டுமட்டும் சிரித்தேன்.